அம்சவள்ளிக்கு ஏற்றிய விளக்கு

உடையப்பன் வாசலில் வந்து நின்றால் வீட்டில் இருப்பவர்கள் எல்லாரும் வெளியே போய்விடுவார்கள். அவர் பார்த்த வேலை அப்படி. மலேரியாக் கொசுவுக்கு மருந்தடிக்கும் அரசாங்கக் குழுவில் இருபது வருஷமாக இருந்தார். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை மலேசியாவின் கோல சிலாங்கூரைச் சுற்றியுள்ள ரப்பர்த் தோட்டங்களுக்கெல்லாம் ஜீப் போகும். முந்தின நாளே தோட்டத்துக் கங்காணியான மண்டோர், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் சொல்லி வைத்துவிடுவார். விடிந்ததும் சனங்கள் பாய், தலையணை, பானை, சாமி படம் என்று இருக்கிற அத்தனையையும் முற்றத்தில் கொண்டுவந்து போட்டுவிட்டு மரத்தடியில் போய் நிற்பார்கள். உடையப்பன் முதுகில் மருந்து டின்னோடு காலி வீட்டுக்குள் நுழைந்து சுவர் முழுக்க அடித்துவிட்டு வெளியே வருவார். வெள்ளை பூத்த கையோடு வருகிறவரிடம் யார் நெருங்கி நின்று பேசுவார்கள்? பிள்ளைகளைப் பக்கத்தில் இழுத்துக்கொள்வார்கள்.

குளித்தாலும் அந்த வாடை போகாது. இளவயதில் இரண்டு இடத்தில் பெண் பார்த்தார்கள். இரண்டாவது வீட்டில் அந்தப் பெண் உள்ளே போய் மூக்கைப் பொத்திக்கொண்டதை அவர் கதவு இடுக்கில் பார்த்துவிட்டார். பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. ஆற்றோரத்தில் ஒரு பலகை வீட்டை வாடகைக்குப் பிடித்துத் தனியாக இருந்தார். சாப்பாடு ஹபீபுல்லாவின் கடையில். ஊரில் அவரோடு உட்கார்ந்து பேசுகிற ஒரே ஆள் ஹபீபுல்லாதான்.

முற்றத்து வெயிலில் கிடந்த சாமான்களில்தான் அவருக்கு அந்தப் பித்து பிடித்தது. ஒரு தோட்டத்தில் சீக்கியக் காவல்காரர் வீட்டு விறகைத் தடித்த சிவப்புத் துணி ஒன்று மூடிக் கிடந்தது. புரட்டிப் பார்த்தால் மறுபக்கத்தில் துணியே தெரியாத அளவுக்கு மஞ்சள் பட்டு நூலில் பூவாக வேலை செய்திருந்தது. உடையப்பன் மருந்து டின்னை இறக்கி வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். மறுவாரம் புதுக் கம்பளி ஒன்றை வாங்கிப் போய்க் கொடுத்து, அந்தத் துணியைக் கேட்டு வாங்கி வந்தார். காவல்காரர் மனைவிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

அப்படியே சேர ஆரம்பித்தது. தேரில் தொங்கவிட்ட ஒட்டுவேலைத் துணி, கண்ணாடிச் சில்லு வைத்துத் தைத்த பை, மயில் செதுக்கிய காவடிப் பலகை, தாமரை மூடி போட்ட மரச் சிமிழ். ஹபீபுல்லாவும் தன் பாட்டனாரின் சரிகைத் தொப்பியைக் கொடுத்தார்.

"அண்ணே, இதெல்லாம் வச்சிக்கிட்டு என்னா செய்யப் போறீங்க?" என்று அவர் கேட்பார்.

"பாக்கப் போறேன் பாய்."

"யாரு வந்து பாக்கப் போறா?"

"நான்தான்."

1982-இல் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இராமையா என்ற ரப்பர்ப் பால்வெட்டுக்காரரின் வீட்டுக்கு மருந்தடிக்கப் போனார். தனியாள் வீடு. வெளியே கிடந்த தகரப் பெட்டியின் அடியில் சதுரமான வெள்ளைத் துணி ஒன்று இருந்தது. எதிரும் புதிருமாக இரண்டு பச்சைக் கிளிகள். கீழே சிவப்பு நூலில் பெயர்: 'அம்சவள்'. அத்தோடு நின்றுபோயிருந்தது. கடைசி எழுத்துக்குப் பென்சிலில் போட்ட கோடு மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

"யாரு தச்சது?" என்றார் உடையப்பன்.

"எம் பொண்டாட்டி."

"எங்க அவங்க?"

"போயிட்டா" என்றார் இராமையா, முகத்தைத் திருப்பிக்கொண்டு. "நீங்க வேணும்னா எடுத்துக்கிட்டுப் போங்க. எனக்கு எதுக்கு?"

உடையப்பன் அதற்கு மேல் கேட்கவில்லை. செத்தவளைப் பற்றி என்ன கேட்பது? துணியைத் துவைத்து, மரச்சட்டம் அடித்து, கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டினார். மற்றவற்றை எல்லாம் எப்போதாவது எடுத்துத் தூசி தட்டுவார். இதை மட்டும் தினமும் பார்த்தார். கடைசி எழுத்தைத் தைக்க உட்கார்ந்தபோது அவளுக்குக் காய்ச்சல் வந்திருக்கும் என்று தோன்றியது. அவர் அறியாத காய்ச்சலா? ஊசியைத் துணியிலேயே குத்தி வைத்துவிட்டுப் போர்த்திக்கொண்டு படுத்திருப்பாள், எழுந்திருக்கவே இல்லை. இப்படி அவராக ஒன்றை நினைத்து, நினைத்து, அதுவே நடந்தது என்று ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் சட்டத்துக்குக் கீழே ஒரு அகல் விளக்கை ஏற்றி வைப்பார். வேலை விட்டு வந்ததும், "இன்னிக்கு நல்ல மழ புள்ள" என்று அந்தப் பக்கம் பார்த்து ஒரு வார்த்தை சொல்வார். பதில் வராதது அவருக்குக் குறையாகத் தெரியவில்லை. பதில் வராமலே பழகியவர்.

மூன்று வருஷம் இப்படிப் போயிற்று. இடையில் இராமையாவின் லயத்துக்கு வேறு ஆட்கள் மருந்தடித்தார்கள். 1985-இல் மறுபடியும் உடையப்பன் முறை வந்தது. வேலை முடிந்ததும் இராமையாவைத் தனியே கூப்பிட்டார்.

"கேக்குறேன்னு தப்பா நெனைக்காதீங்க. அவங்க எந்த மாசம், என்னா நாளு?"

"யாரு?"

"உங்க வீட்டுக்காரம்மா. திதி தெரிஞ்சா ஒரு படையல் போடலாம்னு..."

இராமையா அவரையே பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்து இருமல் வந்து முற்றத்தில் குந்திவிட்டார்.

"படையலா? அவ ரவாங்ல இருக்கா லா! பேக்டரில வேல செய்யறா. கோவிச்சிக்கிட்டுப் போயி எட்டு வருசமாச்சு. நான் குடிச்சேன், அவ போயிட்டா. வேற என்னா?"

உடையப்பன் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். கூட வந்தவர்கள் ஏதோ பேசினார்கள், காதில் ஏறவில்லை. வீட்டுக்கு வந்ததும் துணியைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது. முன்பின் தெரியாத ஒருத்தியின் அறைக்குள் மூன்று வருஷம் குடியிருந்துவிட்டதைப் போல உடம்பு குன்றியது. அந்த வாரம் முழுக்க விளக்கு ஏற்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை சட்டத்தைக் கழற்றி, துணியைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு ரவாங் பஸ்ஸில் ஏறினார்.

போகிற வழியில் இராமையாவிடம் கேட்டுக்கொண்ட அடையாளத்தை வைத்து வீட்டைக் கண்டுபிடிக்க மத்தியானமாகிவிட்டது. கதவைத் திறந்தவளுக்கு நாற்பது வயதிருக்கும். குட்டையாக வெட்டிய முடி, கையில் மாவு. உடையப்பன் நினைத்து வைத்திருந்த முகம் இது இல்லை. வெளியில் நின்றபடியே விஷயத்தைச் சொன்னார். விளக்கேற்றியதையும் மறைக்கவில்லை.

அம்சவள்ளி வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யய்யோ அண்ணே! உசுரோட இருக்கறவளுக்கா விளக்கேத்துனீங்க? உள்ள வாங்க, மொதல்ல உள்ள வாங்க."

அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அவள் துணியை மடியில் விரித்து, கிளிகளின் மேல் விரலை ஓட்டினாள்.

"கல்யாணமான புதுசுல தச்சது. மூக்கு எப்படிக் கோணலா இருக்கு பாருங்க."

"அந்தக் கடைசி எழுத்து..." என்றார் உடையப்பன். "ஏன் அப்படியே நிறுத்திட்டீங்க? காய்ச்சலா?"

"காய்ச்சலா?" அவள் யோசித்தாள். "செவப்பு நூலு தீந்துபோச்சு. டவுனுக்குப் போனாதான் கெடைக்கும். போனப்ப படம் பாக்கப் போயிட்டோம், நூலு வாங்க மறந்துட்டேன். அப்புறம் அப்படியே கெடந்துச்சி."

உடையப்பனுக்கு அழவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை. ஒரு பெண் சாகாமல் இருப்பதற்கு யாராவது வருத்தப்படுவார்களா? அவர் வருத்தப்பட்டார். அதை நினைத்து வெட்கமும் பட்டார்.

அவள் பலகாரமும் தேநீரும் கொண்டுவந்து வைத்தாள். "வேற என்னென்ன சேத்து வச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். அவ்வளவு நேரம் யாரிடமும் பேசியதில்லை. சொல்லி முடித்ததும் அவள் கேட்டாள்:

"அதெல்லாம் யாரு தச்சாங்க, யாரு செதுக்குனாங்க?"

"ஹபீபுல்லா பாய் தொப்பி ஒண்ணுதான் தெரியும். மத்தது... கேக்கல."

"ஒருத்தர்கிட்டயும் கேக்கலையா?"

"என்னைப் பாத்தா எல்லாம் தள்ளி நிப்பாங்கம்மா."

"நீங்களும் தள்ளித்தான் நின்னிருக்கீங்க" என்றாள் அம்சவள்ளி. குற்றம் சொல்லும் குரல் இல்லை, உள்ளதைச் சொன்னாள். பிறகு துணியை மடித்தாள். "இத நான் வச்சிக்கட்டுமா அண்ணே? அந்த வீட்டுலேர்ந்து நான் ஒண்ணுமே எடுத்துட்டு வரல."

வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. வெறும் செய்தித்தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். அவள் பஸ் நிற்கும் இடம் வரை கூடவே வந்து, பஸ் திரும்பும் வரை நின்றாள். அதற்குப் பிறகு அவர்கள் சந்திக்கவில்லை.

சுவரில் ஆணி மட்டும் இருந்த அந்த வீட்டில் முதல் பத்து நாள் அவருக்குப் பொறுக்க முடியவில்லை. ஹபீபுல்லா கடையிலும் பேசாமல் சாப்பிட்டுவிட்டுப் போனார். பதினோராவது நாள் ஒரு பள்ளிக்கூட நோட்டும் பென்சிலும் வாங்கினார். லீவு நாட்களில் சாமான் ஒவ்வொன்றாகப் பையில் போட்டுக்கொண்டு, அது வந்த தோட்டத்துக்கே போய்க் கேட்க ஆரம்பித்தார்.

தேடல் பாதி வழியிலேயே தடைபட்டது. ரப்பர் மரங்களை வெட்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனை போட்ட இடங்களில் லயமே இல்லை. காவல்காரர் குடும்பம் ஈப்போ பக்கம் போய்விட்டதாகச் சொன்னார்கள். விலாசம் யாருக்கும் தெரியவில்லை. காவடிப் பலகைக்கு மூன்று பேர் மூன்று பெயர் சொன்னார்கள். சில வீடுகளில், "மருந்துதான் அடிச்சாச்சே, மறுபடி எதுக்கு வந்தீங்க?" என்று கதவைப் பாதியில் நிறுத்திக் கேட்டார்கள். நாற்பத்திரண்டு சாமான்களில் பத்தொன்பதுக்குத்தான் நோட்டில் பெயர் ஏறியது.

அதில் ஒரு பெயர் 1987 தைப்பூசத்துக்கு அடுத்த வாரம் கிடைத்தது. அவர் சேர்த்தவற்றில் ஒரு முழ உயரக் குதிரை இருந்தது. பலாமரத்தில் செதுக்கியது, ஒரு காது உடைந்தது. நல்லம்மாள் என்ற வயதான அம்மாள் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். புருஷன் முருகையா செய்ததாம். முதல் பிள்ளை தங்கவில்லை. அது பிறப்பதற்கு முன்பே செய்து வைத்துவிட்டாராம். செதுக்கும்போது சிராய் கையில் ஏறிச் சீழ் பிடித்ததை, காதை உடைத்தது ஆட்டுக்குட்டி என்பதை, எல்லாவற்றையும் அவள் சொன்னாள். உடையப்பன் அடுப்படியில் பலகை போட்டு உட்கார்ந்து எழுதினார். கை வலித்தது.

"கடைசி பஸ்ஸு போயிடும்பா" என்று அவள்தான் எழுப்பினாள்.

"குதிரை இங்கயே இருக்கட்டுமா ஆத்தா?"

"வேணாம். இங்க கரையான். நீயே வச்சிக்க. எப்பயாச்சும் கொண்டாந்து காட்டு."

பஸ்ஸில் குதிரையை மடியில் வைத்து உட்கார்ந்தார். பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது. கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டே குனிந்து பார்த்தார்.

"என்னாண்ணே, பொம்மையா?"

"முருகையா செஞ்ச குதிரை" என்றார் உடையப்பன்.

கண்டக்டருக்கு அது யாரென்று தெரியவில்லை. தலையாட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.