செத்த மூலையிலிருந்து வந்த வட்டு

ஆர்டன் கோவல் இருபத்திரண்டு குளிர்காலங்களை ஊரார் பிள்ளைகளைப் பார்ப்பதிலேயே கழித்தவர். கனடாவில் சஸ்காச்சுவான் மாகாணத்துச் சின்ன ஊர்களில் நடக்கும் ஜூனியர் ஐஸ் ஹாக்கி ஆட்டங்களுக்குப் போய், பதினேழு பதினெட்டு வயதுப் பையன்களில் எவன் பெரிய அணிக்குத் தேறுவான் என்று எழுதி அனுப்புவது அவர் வேலை. கோடையில் பள்ளிப் பேருந்துகளுக்கு என்ஜின் பார்ப்பார். நான் வேறொரு அணிக்காக அதே வேலையைச் செய்தேன். பனிப்புயலில் மாட்டிக்கொண்டால் பேச்சுத்துணை வேண்டுமென்று ஒரே காரில்தான் போவோம். காருக்குள் எதைப் பற்றியும் பேசலாம். பையன்களைப் பற்றி மட்டும் பேசக்கூடாது. போட்டி அணிக்காரர்கள் இல்லையா?

கோவல் எழுதும் குறிப்புகள் கடுகளவுதான் இருக்கும். ஒருவனைப் பற்றி, "கால் உண்டு. கை உண்டு. மோத வருகிறார்கள் என்றால் கண்ணை மூடுகிறான்" என்று மூன்றே வரி எழுதினார். அந்தப் பையன் நான்கு வருடம் கழித்து அப்படிக் கண்ணை மூடித்தான் தாடையை உடைத்துக்கொண்டான். பேய், சகுனம் எதையும் நம்பாத மனுஷன். கண்ணால் கண்டதை எழுதுவார், அவ்வளவுதான்.

அந்த ஜனவரி ஞாயிற்றுக்கிழமை கிரேலிங் ஊரில் மதிய ஆட்டம். வெளியே மைனஸ் முப்பத்தெட்டு டிகிரி. கோவல் பார்க்க வந்தது பதினான்காம் எண் பையனை, கேலம் டைக் என்று பெயர். மேல்வரிசை ஓரத்தில் உட்கார்ந்து சூரியகாந்தி விதையைக் கொறித்துத் துப்பிக்கொண்டிருந்தார். பத்து நிமிஷம் போயிருக்கும். கொறிப்பது நின்றது.

கேலம் எதிரணியின் கோலை நோக்கிப் போகும்போதெல்லாம், தலையைத் தூக்காமலே, பந்துக்குப் பதில் ஆடும் அந்த ரப்பர் வட்டை வலது மூலைக்குத் தள்ளினான். மூலையில் அவன் அணிக்காரர் யாரும் இல்லை. எதிரணிக்காரனும் இல்லை. ஆனால் வட்டு ஒவ்வொரு முறையும் திரும்பி, அவன் போய்ச் சேரும் இடத்துக்குச் சரியாக அவன் மட்டைக்கே வந்தது. பனித்தளத்தைச் சுற்றி அடித்திருக்கும் பலகையில் பட்டுத் திரும்பும் வட்டுக்கு ஒரு சத்தம் உண்டு. நாங்கள் காலமெல்லாம் கேட்ட சத்தம் அது. இங்கே அது வரவில்லை.

ஐந்தாவது முறை கோவல் என் பக்கம் திரும்பினார். இருபது வருடத்து விதியை மீறினார்.

"ஹார்வி, பார்த்தியா?"

"பார்த்தேன்."

"யாருக்குடா போடுறான்?"

"பலகைல பட்டு வருதுப்பா," என்றேன்.

"பட்ட சத்தம் கேட்டுச்சா உனக்கு?"

நான் ஆட்டத்தின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

முதல் பகுதி முடிந்த இடைவேளையில் கீழே இறங்கினோம். பனித்தளத்தை இழைக்கும் வண்டியை ஓட்டுபவள் டோரின். ஐம்பது வயதிருக்கும். எங்களைக் கண்டதும், "வாங்க வாங்க, பிள்ளை பிடிக்கிறவங்க ரெண்டு பேரும் ஒண்ணா வந்துட்டீங்களா?" என்றாள்.

"அந்த வலது மூலைப் பலகை எப்படி?" என்று கேட்டார் கோவல்.

அவள் சிரிப்பு போய்விட்டது. "அது செத்த மூலை. உள்ள கட்டை இத்துப்போச்சு. வட்டு அடிச்சா அங்கயே விழுந்து கிடக்கும், திரும்பாது. எதிரணிக்காரனுக்கும் தெரியும், அதான் எவனும் அங்க போறதில்ல."

"அந்தப் பையன் போட்டா மட்டும் திரும்புதே?"

டோரின் கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டாள். "லேன் பெல்கார்ட்னு ஒருத்தன் இருந்தான். ஒன்பதாம் நம்பர். அஞ்சு வயசுலருந்து இந்தப் பையனும் அவனும் சோடி. லேன் அந்த மூலைலதான் நிப்பான். போன மார்ச்ல தனியா உறைஞ்ச ஏரிக்கு மீன் பிடிக்கப் போனான். வண்டி நின்னுச்சு, ஹீட்டர் ஓடிக்கிட்டிருந்துச்சு, தூண்டில் விடப் பனியில போட்ட துளை இருந்துச்சு. அவனை மட்டும் காணோம். கோடை முழுக்கத் தேடியாச்சு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நான் தினம் கடைசியாத்தான் அந்த மூலையை இழைப்பேன். எதுக்குன்னு கேக்காதீங்க."

இரண்டாம் பகுதியில் அணிகள் பக்கம் மாறின; அந்த மூலை கேலமின் முதுகுப்பக்கம் போய்விட்டது. கேலம் மற்ற பையன்களைப் போலத்தான் ஆடினான். நல்ல ஆட்டம், அதிசயம் ஒன்றுமில்லை. மூன்றாம் பகுதியில் மறுபடி அந்தப் பக்கம். கோல் கணக்கு இரண்டுக்கு இரண்டு. கடைசி நிமிஷத்தில் அவன் வட்டை மூலைக்குத் தள்ளிவிட்டுக் கோலை நோக்கி ஓடினான். வட்டு மூலையில் நின்றது. ஒரு மூச்சு நேரம் அசையாமல் நின்றதை நான் பார்த்தேன். பிறகு யாரோ மெல்லத் தொட்டுவிட்டது போலக் கிளம்பி, இரண்டு தடுப்பாட்டக்காரர்களின் கால்களுக்கு நடுவே வழுக்கி வந்து, அவன் மட்டையில் ஏறியது. கோல்.

எந்த ஊரிலும் கோல் விழுந்தால் கூரை பறக்கும். கிரேலிங்கில் முதலில் யாரும் கத்தவில்லை. அரங்கிலிருந்த எண்ணூறு பேரும் மூலையைப் பார்த்தார்கள். பிறகுதான் கை தட்டினார்கள், ஏதோ கடமைக்குத் தட்டுவது போல.

எல்லோரும் போனபின் கோவல் பலகைமேல் நிற்கும் கண்ணாடித் தடுப்பின் ஓரமாக மூலைக்குப் போனார். நானும் போனேன். வேகமாக வந்து சறுக்குக் காலணியின் கத்தியைக் குறுக்கே வைத்து நின்றால் பனி சீவப்பட்டு ஒரு குவியல் எழும். அப்படி ஒரு குவியல் அங்கே இருந்தது. அதுவரை வந்த தடம் மட்டும் இல்லை.

அன்று இரவே அவர் குறிப்பை எழுதி அனுப்பினார். அவர் என்ன எழுதினார் என்று பின்னால்தான் சொன்னார்: "மற்றவர்கள் பார்க்காத இடத்தைப் பார்க்கிறான்." பொய் இல்லை. ஆனால் அவர் மேலாளர் அதை வேறு மாதிரி புரிந்துகொண்டார். ஆட்ட அறிவு உள்ள பையன் என்று, பெரிய அணிகள் புதுப் பையன்களைச் சுற்றுச் சுற்றாக எடுக்கும் ஜூன் மாதத் தேர்வில், நான்காம் சுற்றில் கேலமைத் தேர்ந்தெடுத்தார்கள். செப்டம்பரில் தெற்கே, அமெரிக்க நகரமொன்றில் பயிற்சி முகாம்.

மூன்றாம் நாளே திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெற்றிடத்துக்கு வட்டைத் தள்ளுகிறான், எதிராளி எடுத்துக்கொண்டு போகிறான், இவன் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான் என்றார்களாம். மேலாளர் கோவலைப் போனில் கூப்பிட்டு, "என்னத்தய்யா பார்த்தீரு அவன்கிட்ட?" என்று திட்டினார்.

பையனை அழைத்துவர சாஸ்கட்டூன் விமான நிலையத்துக்குக் கோவல் தானே போனார். தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்று என்னையும் கூட்டிப்போனார். அவர் வாயிலிருந்து 'பயம்' என்ற சொல்லை அன்றுதான் கேட்டேன். அறுவடை முடிந்த வயல்களுக்கு நடுவே ஒரு மணி நேரம் ஓட்டியபின், பின்சீட்டிலிருந்து கேலமே பேசினான்.

"தப்பு என் மேலதான் சார். அவன் வருவான்னு நினைச்சேன்."

கோவல் கண்ணாடியில் அவனைப் பார்த்தார். "நீ போறேன்னு அவன்கிட்ட சொன்னியா?"

"இல்ல சார். சொன்னா விடமாட்டான்னு தோணுச்சு. ஆகஸ்ட்ல கடைசியா ஆடிட்டு சத்தமில்லாம பையைத் தூக்கிட்டு வந்துட்டேன்." ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, "கோவமா இருப்பான்ல?" என்றான்.

கோவல் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினார். ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டார். "உன்னைப் பத்தி எழுதினவன் நான்தாம்ப்பா," என்றார்.

அக்டோபரில் கிரேலிங்கின் முதல் ஆட்டத்துக்கு இருவரும் போயிருந்தோம். ஆட்டம் தொடங்குமுன் கேலம் தனியாக மூலைக்குப் போய் முகத்தைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு நெடுநேரம் ஏதோ பேசினான். உதடு அசைவது தெரிந்தது. முதல் பகுதியில் ஒரே ஒருமுறை மூலைக்குத் தள்ளினான். வட்டு பலகையில் மோதியது. தொப்பென்ற சத்தம் அரங்கம் முழுக்கக் கேட்டது. அங்கேயே விழுந்து கிடந்தது. கேலம் நின்று பார்த்தான். பிறகு அவனே போய் எடுத்துக்கொண்டு வந்தான். டோரின் வண்டிக் கொட்டகை வாசலில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

அவன் பெரிய ஆட்டக்காரன் ஆகவில்லை. இப்போது அதே ஊரில் மின்வேலை செய்கிறான், இரண்டு பெண் குழந்தைகள்.

கோவல் அடுத்த குளிர்காலமும் வேலைக்கு வந்தார். பிப்ரவரியில், வடக்கே பேர் தெரியாத ஒரு ஊரில், பதினாறு வயதுப் பையன் ஒருவன் யாருமில்லாத பக்கம் வட்டைத் தள்ளினான். அது சத்தமில்லாமல் திரும்பி வந்தது. கோவல் பேனாவை மூடிப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"எங்கப்பா போற, இன்னும் ரெண்டு பகுதி இருக்கே?" என்றேன்.

"நான் அவனைப் பார்க்கல ஹார்வி. நீயும் பார்க்கல," என்றார். "எழுதினா கூட்டிட்டுப் போயிருவாங்க."

அதற்குமேல் அவர் எந்த ஆட்டத்துக்கும் வரவில்லை. என் நோட்டிலும் அந்தப் பையனின் பெயர் இல்லை.