ஒரு கிணற்றுக்கு இரண்டு விருந்து

அந்த ஆண்டு பக்ரீத் கார்த்திகைக் கடைசியில் வந்தது. ஆகவே அது 1975தான். துபாயில் ஓர் எண்ணெய்க் கம்பெனியின் நிலப் பிரிவில் நான் எழுத்தர். தை மாதம் எனக்குக் கல்யாணம். லீவு கேட்டபோது, கிணற்றடி வில்லங்கம் தீர்ந்த மறுநாளே கிளம்பலாம் என்றார் என் மேலதிகாரி. அவர் ஸ்காட்லாந்துக்காரர், சொன்ன சொல் மாறாதவர். அதுதான் எனக்குப் பயம்.

பூமிக்கடியில் இருந்த எண்ணெய் ஆட்சியாளருடையது. அதற்கான குத்தகை ஏற்கெனவே கையெழுத்தாகியிருந்தது. ஆனால் துளை போடும் எந்திரம் நிற்க வேண்டிய இடம், ஷார்ஜா பக்கத்துப் பாலையில் ஒரு பழைய தண்ணீர்க் கிணற்றை ஒட்டி அமைந்தது. அந்த மேல்மண்ணுக்கு வாடகை ஒப்பந்தம் போட வேண்டும். யாரோடு? பெரியப்பா மகன், சித்தப்பா மகன் முறையான இரண்டு அரபிகள் ஆளுக்கொரு பக்கம் நின்று, கிணறு தன்னுடையது என்றார்கள். பத்திரம் என்று எதுவும் கிடையாது. தாத்தா தோண்டினார் என்பதில் மட்டும் இருவருக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

முதல் தடவை போனபோது அவர்களில் பெரியவர் காப்பி கொடுத்தார், குடித்தோம். மறுநாளே சின்னவர் ஆபீசுக்கு வந்துவிட்டார். கிணற்றடியில் வந்தவனை உபசரிக்கிறவனே கிணற்றுக்காரன் என்பது அங்கத்திய வழக்கமாம். கம்பெனி ஒருதலைப்பட்சமாகக் குடித்துவிட்டதாம். ஈடுகட்டச் சின்னவரிடம் ஆட்டுக்கறிச் சோறு சாப்பிட்டோம். பெரியவர் அதைவிடப் பெரிய ஆட்டை அறுத்தார். இப்படியே ஐப்பசி முழுவதும் நீதி வழுவாமல் மாறி மாறி உண்டோம். மாப்பிள்ளை அழைப்புக்கு துபாய் சத்வா கடைத்தெருவில் தைக்கக் கொடுத்திருந்த கோட்டைத் தையல்காரர் இரண்டு முறை பிரித்து அகலமாக்கிவிட்டார். வில்லங்கம் மட்டும் இம்மியும் நகரவில்லை.

பக்ரீத்துக்கு முந்தின திங்கட்கிழமை. கார்த்திகைச் சோமவாரம், கறி தொடக்கூடாது. ரூமில் புளியோதரை கிளறி டப்பாவில் எடுத்துப் போனேன். இருவரையும் சேர்த்து உட்காரவைத்துப் பேச மேலதிகாரி ஏற்பாடு செய்திருந்தார். எந்த விருந்து முதலில் என்பதிலேயே வாக்குவாதம் தொடங்கி வெயில் ஏறிவிட்டது. எனக்குப் பசி. கிணற்றோரம் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தேன். எதிரில் இரண்டு பேர் நிற்கும்போது கேட்காமல் எப்படித் தின்பது? டப்பாவை நீட்டினேன். மரியாதைக்காக ஆளுக்கொரு கவளம் எடுத்து வாயில் போட்டார்கள். மென்றுகொண்டிருக்கும்போதே இருவர் முகமும் மாறிற்று.

எங்கள் டிரைவர் ராமநாதபுரத்துக்காரர். அரபி நன்றாகப் பேசுவார். மெல்ல என் பக்கம் குனிந்தார்.

"சார், என்ன காரியம் பண்ணிட்டீக. கிணத்தடில சோறு போட்டவுகதான் கிணத்துக்குச் சொந்தக்காரவுக. இப்ப நீங்களும்ல கேசுல சேந்துட்டீக."

"அண்ணே, இது வெறும் புளிச்சோறு."

"அத அவுககிட்டச் சொல்லுங்க. முழுங்கிட்டாகளே."

பெரியவர் கூடாரத்துக்கு ஓடினார். சின்னவரும் பின்னாலேயே ஓடினார். ஒருவர் பாயும் காப்பிக் கூஜாவும், ஒருவர் கிண்ணங்களும் பேரீச்சம்பழமுமாகத் திரும்பினார்கள். பெரியவர் என்னைத் தோளைப் பிடித்து அழுத்திப் பாயில் உட்காரவைத்தார். சின்னவர் கிண்ணத்தைப் பிடிக்க, பெரியவர் காப்பியை ஊற்றினார். பிறகு சின்னவர் பேரீச்சம்பழத்தை என் வாயிலேயே திணித்தார். விருந்தாளி நான்தான் என்று நிலைநாட்டாமல் விடமாட்டார்கள் போலிருந்தது.

மேலதிகாரி தம் கிண்ணத்தையும் நீட்டினார். அதே மாதிரி ஒருவர் பிடித்தார், ஒருவர் ஊற்றினார். நிதானமாகக் குடித்து முடித்துவிட்டு டிரைவரிடம் ஏதோ சொன்னார். டிரைவர் அதை அரபியில் சொல்லிவிட்டு எனக்கும் சொன்னார்: "ரெண்டு பேரும் சேந்து உபசரிச்சாச்சு. அப்ப கிணறு ரெண்டு பேருக்கும்தானேன்னு கேக்குறாரு."

பெரியவர் கையிலிருந்த கூஜாவைப் பார்த்தார். சின்னவர் கிண்ணத்தைப் பார்த்தார். முதலில் சிரித்தது சின்னவர். பிறகு பெரியவர் குலுங்கிச் சிரித்ததில் காப்பி என் கால்சட்டையில் கொட்டியது. அன்றைக்கே இருவரும் ஒரே ஒப்பந்தத்தில் அடுத்தடுத்துக் கையெழுத்துப் போட்டார்கள்.

"கலாஸ், முடிஞ்சுபோச்சு," என்றார் டிரைவர். "போயி தாலியக் கட்டுங்க சார். அங்கயாச்சும் அடுத்தவுக பந்தியில நீங்க பரிமாறாதீக."

மாப்பிள்ளை அழைப்புப் படத்தில் என் கோட்டுப் பொத்தான் போடாமல் இருக்கும். மூன்றாம் முறை பிரிக்கத் துணி இல்லை என்று சத்வா தையல்காரர் கைவிரித்துவிட்டார்.