தெர்மாமீட்டர் அக்கா

கூரைத் தகடு பொருத்தப் போன கணவர், ஒரு நடுப்பகலில் அந்தத் தகட்டின் மேலேயே சுருண்டு விழுந்து இறந்தார். சான்றிதழில் மாரடைப்பு என்று எழுதினார்கள். தகடு எவ்வளவு சுட்டது என்று யாரும் கேட்கவில்லை.

தையல்கடை வைத்திருந்த அவர் மனைவி இரண்டு மாதம் கழித்து ஒரு தெர்மாமீட்டர் வாங்கினார். கட்டட வேலை நடக்கும் இடமெல்லாம் ஏறி இறங்கி, சூட்டை அளந்து நோட்டில் எழுதினார். ‘தெர்மாமீட்டர் அக்கா’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. வெயிலுக்கு ஆளைப் பறிகொடுத்த எட்டுக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு தொண்டு சங்கம் பதிவு செய்தன, அக்கா செயலாளர். கேட்டது இரண்டுதான்: வெயில் அளவு மீறினால் வேலையை நிறுத்த ஒரு சட்டம், வெயிலை இன்னும் ஏற்றிவிடும் ஊரோரத்து நிலக்கரி மின்நிலையத்தை மூட ஒரு தேதி.

கொழுந்தன் வக்கீல். அவன் முதல் நாளே சொல்லிவிட்டான்.

“சங்கம் வாயை மூடிக்கிட்டு இருக்கணும்னு சட்டம் சொல்லல அண்ணி. மனு குடுக்கலாம், சட்டசபை ஆளுங்களப் பாக்கலாம், மேடை போட்டே கேக்கலாம். யாருக்கு ஓட்டு, யாருக்கு வேணாம்னு மட்டும் பேசக்கூடாது.”

அக்கா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கட்சி பேட்ஜோடு வந்த உறுப்பினரை வாசலிலேயே மறித்தார்.

“தெருவுல மாட்டுங்க, வீட்டுல மாட்டுங்க, வேணும்னா என் தலையில மாட்டுங்கண்ணே. இந்த ரூமுக்குள்ள வேண்டாம்.”

நான்கு வருடம் நடையாய் நடந்து, சட்ட முன்வரைவு சட்டசபைக் குழுவின் விசாரணை வரை வந்தது. அதற்குள் தேர்தல். எல்லா வேட்பாளர்களையும் சங்கம் ஒரே மேடைக்கு அழைத்தது. எல்லோருக்கும் ஒரே கேள்வி, ஆளுக்குப் பத்து நிமிடம். மூன்றாவதாகப் பேசியவர் கட்டட முதலாளி.

“வெயில்ல வேலை செய்யறவனுக்கு வெயில் என்ன புதுசா? தெம்பில்லாதவன் விழுவான்.”

நன்றி சொல்ல மைக்கை வாங்கிய அக்கா, முதலாளியைக் கைகாட்டினார்.

“இந்த ஆளுக்கு மட்டும் ஓட்டுப் போட்டுடாதீங்க!”

அரங்கமே கைதட்டியது. கொழுந்தன் மட்டும் முகத்தைப் பொத்திக்கொண்டான்.

யாரோ செல்போனில் பிடித்த அந்த ஐந்து விநாடிப் பேச்சு புகாராகப் போனது. சங்கத்தின் பதிவு ஒரு வருடத்துக்கு நிறுத்திவைக்கப்பட்டது.

“தனி ஆளா தெருவுல நின்னு சொல்லியிருந்தா ஒண்ணுமில்ல அண்ணி. சங்கத்து மைக்ல சொல்லிட்டீங்க.”

“எனக்கே சொல்றியா? ஊருக்கெல்லாம் அதைச் சொல்லிக்குடுத்தவளே நான்தானேப்பா.”

அக்கா பதவி விலகினார். அதனால் எதுவும் மாறவில்லை. விசாரணையன்று, பதிவு நிறுத்தப்பட்ட சங்கத்திடம் எதுவும் வாங்க முடியாது என்று, நான்கு வருட அளவுகளை ஜன்னல் வழியாகவே திருப்பிக் கொடுத்தார் குமாஸ்தா. ஜெயித்த முதலாளி உள்ளே குழுவில் உட்கார்ந்திருந்தார். சட்டம் ‘அறிவுரை’ ஆகிச் சுருங்கியது. முதலாளிகள் விரும்பினால் ஓய்வு தரலாம். மின்நிலையத்துக்குத் தேதியே இல்லை.

அடுத்த கோடையில் சாரத்திலிருந்து இரண்டு பேர் மயங்கி விழுந்து இறந்தார்கள். அவர்களில் ஒருவரின் மனைவி, சங்கம் பூட்டிக் கிடக்கவே, தையல்கடையைத் தேடி வந்தாள்.

“யார்கிட்டக்கா போய்ச் சொல்றது?”

அக்கா தையலை நிறுத்தினார். ஸ்டூலில் கிடந்த துணிகளை எடுத்துக் கீழே வைத்தார்.

“உக்காரும்மா,” என்றார்.