அவரைக்கு எதுக்கு யூரியா?

வெட்கத்தை விட்டுச் சொல்லிவிடுகிறேன். சாப்பாடு போட்டே ஒரு கொடியைக் கெடுத்த ஆள் நான்!

செம்பூரில் எங்கள் பில்டிங் மொட்டைமாடி. ஒரு நீல டிரம்மைப் பாதியாக வெட்டி, மழைக்காலத்தில் அவரை விதை போட்டேன். நாலு இலை வந்ததுமே தலைகால் புரியவில்லை. சொசைட்டி வாட்ஸ்அப் குரூப்பில் தட்டிவிட்டேன் — "இந்த வருஷம் மாடிப் பொங்கலுக்கு யாரும் அவரைக்காய் வாங்க வேண்டாம். கூட்டுக்கு என் தோட்டத்துக் காய்!"

கட்டைவிரல்களாக வந்து குவிந்தன. போதாதா எனக்கு?

நர்சரிக்காரர் யூரியா கொடுக்கும்போதே, "கீரைக்கு மட்டும், அதுவும் துளியூண்டு" என்றுதான் சொன்னார். நான் கேட்பேனா? ஞாயிறுதோறும் பக்கெட்டில் கரைத்து அவரைக்கு ஊற்றினேன். வளர்ந்தது பாருங்கள்... துணிக் கம்பி, டிஷ் ஆன்டெனா, தண்ணீர் டாங்க் எல்லாம் பச்சைக்குள் காணாமல் போயின. தினம் ஒரு செல்ஃபி.

டிசம்பரும் வந்தது. பூ? ஒன்றுகூட இல்லை.

செக்ரட்டரி பாட்டீல் லிஃப்டில் பார்க்கும்போதெல்லாம், "மாமா, பாப்டி கப் ஆயேகி?" என்பார், அவரைக்காய் எப்போது வரும் என்று. அவருக்குப் பயந்து படியேற ஆரம்பித்தேன். ஐந்து மாடி!

பொங்கலுக்கு நாலு நாள் இருக்கும்போது, மூன்றாவது மாடி செல்வி துணி காயப்போட வந்தார். திருநெல்வேலிக் குடும்பம், தாராவியில் பிறந்து வளர்ந்தவர். மிச்ச விதையை அவருக்குத்தான் கொடுத்திருந்தேன்.

"அண்ணாச்சி, இதுக்கு என்னத்தப் போட்டிய?"

"யூரியா..."

"அவரைக்கா? மீனுக்கு வாட்டர் பாட்டில் வாங்கிக் குடுப்பியளோ?"

தன் வீட்டுக்கு இழுத்துப் போனார். ஜன்னல் கிரில்லில் நாலு பழைய பெயின்ட் டப்பா. ஒல்லிக் கொடிகள். கொத்துக்கொத்தாகக் காய்!

ஸ்பூனால் மண்ணை விலக்கி வேரைக் காட்டினார். கடுகு கடுகாய் உருண்டைகள்.

"இதுக்குள்ள இருக்குற கிருமி, காத்துல உள்ள நைட்ரஜனப் புடிச்சுக் கொடிக்குக் குடுக்கும். கூலியா கொடி அதுக்குச் சர்க்கரை குடுக்கும். நீங்க சும்மாவே அள்ளி ஊத்துனா, அது எதுக்கு அந்தக் கிருமியக் கூப்பிட்டுச் சோறு போடப்போவுது? இலைய விட்டுட்டு சொகமாக் கெடக்கும். காயப் பத்தி நெனைக்கவே நெனைக்காது."

"அப்ப... கூட்டு?"

"எங்காயப் பறிச்சுக்கிடுங்க. ஆனா யார் வீட்டுக் காயின்னு குரூப்புல போடணும்."

போட்டேன். முதலில் பாட்டீலிடமிருந்து விழுந்து விழுந்து சிரிக்கும் பொம்மை வந்தது. பின்னாலேயே பில்டிங் முழுக்கச் சிரித்தது.

பொங்கலன்று மாடியில் சுள்ளென்று வெயில். துணிப்பந்தல் போட வேண்டிய ஷாமியானாக்காரர் வரவில்லை. பாட்டீல்தான் என் கொடியைக் கைகாட்டினார். கயிறு கட்டி இழுத்துப் பரப்பினோம். பூக்காத, காய்க்காத அந்தப் பச்சைப் பந்தலின் கீழே மொத்த பில்டிங்கும் உட்கார்ந்து சாப்பிட்டது. பாட்டீல் மூன்று தடவை கூட்டு வாங்கினார்.

அள்ளிக் கொடுப்பதுதான் அன்பு என்று நினைக்கிறோம். சிலதுக்கெல்லாம் நாம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாலே போதும் போலிருக்கிறது... இந்தத் தத்துவத்தை ராத்திரி என் மனைவி ஜெயாவிடம் எடுத்துவிட்டேன்.

அவள் பாத்திரத்திலிருந்து தலைகூட நிமிரவில்லை. "நானும் இருபத்தாறு வருஷமா ஒருத்தருக்கு வேளாவேளைக்குக் கொட்டிண்டுதான் இருக்கேன். அந்தக் கொடியாவது நிழல் குடுத்தது!"