மயங்காத ரூபி

பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் நாய் வளர்ப்பவர்களில் டாக்டர் நிகத்தைத் தெரியாதவர்கள் குறைவு. ஐம்பதை நெருங்குகிறார். பகலெல்லாம் கடியும் பிராண்டலும். வீடு திரும்பினால் குளித்த பிறகுதான் அடுப்படிக்குள் நுழைய மாமியார் அனுமதி. இதற்கெல்லாம் அவர் அசந்ததில்லை. கூட வருகிற மனிதர்கள் சொல்லும் பொய்தான் அவரை ஓய்த்துப்போட்டது. வக்கீலிடமும் வைத்தியரிடமும் பொய் சொல்லாதே என்பார்கள். மாட்டு டாக்டரிடம் மட்டும் சொல்லலாம் போலிருக்கிறது.

அன்று தனசிங் வாத்தியாரும் மனைவி ஆஷாவும் தங்கள் நாய் ரூபியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வயதான லேப்ரடார். கர்ப்பப்பை முழுக்கச் சீழ். அன்றே அறுத்து எடுக்காவிட்டால் பிழைக்காது.

"வேற ஏதாவது குடுக்கிறீங்களா சார்? மாத்திரை, நாட்டு மருந்து, தைலம், எதுவா இருந்தாலும் சொல்லுங்க. அதைப் பார்த்துதான் மயக்கம் குடுக்கணும்."

தனசிங் மனைவியைப் பார்த்தார். "ஒண்ணும் இல்ல டாக்டர்."

இவ்வளவு சீக்கான நாய்க்கு மயக்க மருந்து குறைவாகவே போதும். ரூபியோ முழு அளவு ஏறியும் தலையைத் தூக்கிப் பார்த்தது. இன்னும் கொஞ்சம் ஏற்றினார். கத்தி பட்டதும் காலை உதறியது. நிகத் கையுறையோடு வாசலுக்கு வந்தார்.

"மறைக்காதீங்க சார். தெரிஞ்சா வேற மாதிரி செய்வேன்."

"இல்லைன்னா இல்லதான் டாக்டர். எங்களை நம்ப மாட்டீங்களா?" என்றார் ஆஷா. தனசிங் தலையாட்டினார்.

மேலும் ஏற்ற வேண்டியதாயிற்று. சீழ் பரவிய உடம்பு அதைத் தாங்கவில்லை. ரத்த அழுத்தம் சரிந்து இதயம் நின்றது. நெஞ்சை அமுக்கி அமுக்கிப் பார்த்தும் உயிர் திரும்பவில்லை.

ஆஷா ஆட்டோ பிடிக்கப் போன நேரத்தில் தனசிங் வாயைத் திறந்தார்.

"இடுப்பு வலிக்குக் கஞ்சா எண்ணெய் குடுத்துட்டிருந்தேன் டாக்டர். ஆன்லைன்ல வாங்கினது. ரெண்டு வருஷமா, தினமும் தயிர் சாதத்துல."

நிகத் சுவரில் சாய்ந்தார். நாள்பட அது ஊறிய விலங்குக்கு மயக்கம் சுலபத்தில் பிடிக்காமல் போகலாம் என்று படித்திருக்கிறார். தெரிந்திருந்தால் வலி மருந்தை முதலில் கொடுத்து, ஊசியைக் குறைத்து, வாயு வைத்து மெல்ல மயக்கியிருப்பார். பிழைத்திருக்கும் என்று சத்தியம் செய்ய முடியாது. ஒரு வழி இருந்திருக்கும்.

"ரெண்டு தடவை கேட்டேனே சார்."

"ஆஷாவோட தம்பி கஞ்சாவாலதான் போனான். அந்தப் பேரை எடுத்தாலே சாப்பிடாமப் படுத்துடுவா. அவ பக்கத்துல நிக்கிறப்ப எப்படிச் சொல்றது? தயவுசெஞ்சு சொல்லிடாதீங்க."

ஆஷா உள்ளே வந்தார். கண் சிவந்திருந்தது.

"மயக்க மருந்தைக் கூடுதலாப் போட்டுட்டீங்களா டாக்டர்?"

நிகத் தனசிங்கைப் பார்த்தார். சொல்லுமய்யா, இப்போதாவது சொல்லும் என்று மனம் அடித்துக்கொண்டது. அவர் குனிந்து ரூபியின் கழுத்துப்பட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"ஆமாக்கா. கூடத்தான் போட வேண்டியதாச்சு."

ஆஷா முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாளைக்கு ஏரிக்கரை முழுக்க இதுதான் பேச்சு. மறுத்துப் பேச நிகத்துக்குத் தெம்பில்லை.

போர்வையில் சுற்றிய ரூபியைத் தூக்கும்போது தனசிங் விம்மி அழுதார். ஆஷா அவர் முதுகைத் தடவிக் கொடுத்தார்.

"அழாதீங்க. நீங்க என்ன பண்ணுவீங்க? பெத்த பிள்ளை மாதிரிதானே பாத்துக்கிட்டீங்க."