கடற்கரைச் சாலையில் நான் கூப்பிட்ட பெயர்

என் மகள் ஏறியிருந்த ரிக்ஷா வலப்பக்கம் மேட்டுச் சாலையில் திரும்பியது. நான் ஏறியிருந்த ரிக்ஷா கடலோரமாக நேரே போயிற்று. இவ்வளவுதான் நடந்தது. ஆனால் அந்த நொடியில் என் மகளைத் தொலைத்துவிட்டேன் என்று தெரிந்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமைகளில் அம்மன் சன்னிதியில் என்னோடு உட்கார்ந்து பாடும் சகோதரிகளே, நீங்கள் பல தடவை கேட்டும் நான் இதை நேரில் சொல்லி முடித்ததில்லை. பாதியில் அழுதுவிடுகிறேன். அதனால் எழுதித் தருகிறேன். யாராவது ஒருவர் படியுங்கள், மற்றவர்கள் கேளுங்கள்.

சென்ற ஐப்பசியில் நாங்கள் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறினோம். என் மகள் கமலத்துக்குக் கலியாணமான கையோடு மாப்பிள்ளை சுந்தரம் இங்கே ஜொகூரில் ஸ்கூடாய் என்ற ஊருக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கு வேலைக்குத் திரும்பி வந்துவிட்டார். வீடு கிடைத்ததும் அவளை அழைத்து வரச் சொல்லி எழுதினார். என் வீட்டுக்காரர் வாத நோயில் படுத்திருந்தார், அவரைக் கவனிக்க அவர் தங்கை இருந்தாள். ஆகவே நானே கிளம்பினேன். நான் மிஷன் பள்ளியில் படித்தவள், பெண் பள்ளிக்கூடத்தில் சில காலம் உபாத்தியாயினியாக இருந்தவள். வரைபடத்தில் ஜொகூரைத் தொட்டுக் காட்டத் தெரிந்தவளுக்கு அங்கே போகவும் தெரியும் என்று நினைத்துவிட்டேன்.

கப்பலில் துணைக்கு வந்த குடும்பம் சிங்கப்பூரிலேயே தங்கிவிட்டது. அங்கே ஒரு தீவில் நோய்த் தடுப்புக்காகச் சில நாள் எங்களை வைத்திருந்து வெளியே விட்டதும், தாயும் மகளுமாக ரயில் ஏறி, கடலின் நடுவே போட்ட பாலத்தைக் கடந்து ஜொகூர் பாரு வந்தோம். ரயிலில் எதிரே ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தார். நெற்றி நிறைய விபூதி, வெள்ளைக் கோட்டு, சுத்தமான வேஷ்டி.

"எந்த ஊரும்மா?" என்றார்.

அந்த இரண்டு வார்த்தையைக் கேட்டதும் எனக்கு எப்படி இருந்தது என்பதைப் புதிதாக இந்தத் தேசத்துக்கு வந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சிங்கப்பூரில் இறங்கியது முதல் புரியாத பேச்சுகளே காதில் விழுந்துகொண்டிருந்தன. இதோ ஒருவர் தமிழில் ஊர் கேட்கிறார். நான் ஊரைச் சொன்னேன். தெருவைச் சொன்னேன். மாப்பிள்ளை பெயர், தோட்டத்தின் பெயர், அவர் ஸ்டேஷனுக்கு வந்து காத்திருப்பார் என்பது, எல்லாம் சொன்னேன். கமலம் என் காலை மெல்ல மிதித்தாள். நான் காலை நகர்த்திக்கொண்டு பேசினேன்.

இறங்கினோம். சுந்தரம் வரவில்லை. மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஸ்டேஷனில் கூட்டம் கலைந்து நாங்கள் மட்டும் டிரங்குப் பெட்டியோடு நின்றோம். யாரிடம் என்ன கேட்பது என்று தெரியவில்லை. அப்போது அந்த விபூதிக்காரர் வெளியே போய்விட்டுத் திரும்பவும் வேகமாக வந்தார்.

"அம்மா, உங்களைத்தான் தேடுறேன். வெளியில தோட்டத்து ஆளைப் பார்த்தேன். சுந்தரத்துக்குக் கடுங்காய்ச்சலாம். இங்கதான் ஒரு சிநேகிதர் வீட்டுல படுக்க வச்சிருக்காங்க. வாங்க, நான் கொண்டு விடுறேன்."

கமலம் முகம் வெளுத்துவிட்டது. "நல்லா இருக்காங்கல்ல? பேசுறாங்கல்ல?" என்று அவரையே திரும்பத் திரும்பக் கேட்டாள்.

"போய்ப் பார்த்தா சரியாப்போயிடும் தங்கச்சி. அழாதே. ஒண்ணு மட்டும் கேளுங்க. கழுத்துல கையில நகையோட ரிக்ஷாவுல ஏறாதீங்க. இந்த ஊர்ல அறுத்துட்டு ஓடுறவன் ஜாஸ்தி. கழட்டித் துண்டுல முடிஞ்சு மடியில வச்சுக்கங்க. அப்புறம், தெருவுல சத்தம் போட்டுப் பேசாதீங்க. பொம்பளைங்க தமிழ்ல கத்தினா போலீஸ்காரன் பிடிச்சு உள்ள வச்சிடுவான்."

திருடர்களிடமிருந்து எங்களைக் காப்பாற்றும் மனிதன் என்று நினைத்தேன். கையெடுத்துக் கும்பிடக்கூடச் செய்தேன். கமலம் தாலியை மட்டும் விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கழற்றித் துண்டில் முடிந்துகொண்டாள். கப்பல் ஏறிய நாள் முதல் நான் மார்போடு அணைத்து வைத்திருந்த துணிப்பையைப் பார்த்து, "அதைக் கொடுங்கம்மா, நான் பத்திரமா வச்சுக்கிறேன்" என்று வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டான். மூன்று ரிக்ஷாக்களைப் பேசினான். முதல் வண்டியில் அவன். அடுத்ததில் கமலம். கடைசியில் டிரங்குப் பெட்டியோடு நான்.

இடப்பக்கம் கடல். அக்கரையில் சிங்கப்பூர் தெரிந்தது. நான் கமலத்தின் முதுகையே பார்த்துக்கொண்டு போனேன். பெட்டியின் கனத்தால் என் வண்டி பின்தங்கியது. அப்போதுதான் அந்தத் திருப்பம் வந்தது. அவர்கள் இருவரும் வலப்பக்கம் மேட்டில் ஏறினார்கள். என் வண்டிக்காரர் நேரே போனார்.

"அப்பா, அந்தப் பக்கம்! அந்தப் பக்கம்!" என்றேன். அவர் சீனர். திரும்பிப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு நேரே போனார். என்னை எங்கோ கொண்டு இறக்கும்படி அவரிடம் சொல்லியிருக்கிறான்.

சுந்தரத்துக்குக் காய்ச்சல் இல்லை என்பது அப்போது எனக்குத் தெரிந்துவிட்டது. யாரும் சொல்லவில்லை. காய்ச்சலைத் தவிர அந்த மனிதன் எங்களிடம் சொன்னதெல்லாம் நான் அவனிடம் சொன்னது. மருமகனின் நிறம் என்ன, உயரம் என்ன, ஒன்றும் அவன் சொல்லவில்லை. என் வாயிலிருந்து வாங்கி எனக்கே கொடுத்திருக்கிறான். நகை போகட்டும். என் பெண்? இருபது வயதுப் பெண்ணை வேற்று ஊரில் மேட்டுத் தெருவில் எந்த வீட்டுக்குக் கொண்டுபோகிறான்?

எப்படிக் குதித்தேன் என்று தெரியவில்லை. முழங்கால் தேய்ந்து ரத்தம் வந்தது. திருப்பத்தை நோக்கி ஓடினேன். கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் தெருவில் குரல் உயர்த்தியதே கிடையாது. போலீஸ் பிடிக்கும் என்றும் அவன் சொல்லியிருந்தான். அந்த இரண்டும் சேர்ந்து என் வாயை அடைத்துவிட்டன. மேட்டில் ரிக்ஷா சிறுத்துக்கொண்டே போயிற்று.

எங்கள் குலதெய்வம் முருகன். தடுக்கி விழுந்தாலும் தும்மினாலும் முருகா என்பதுதான் என் வாயில் வரும். அன்று அது வரவில்லை. உள்ளே எங்கிருந்தோ வேறொரு பெயர் பிய்த்துக்கொண்டு வந்தது.

"மாரியம்மா! தாயே மாரி! மாரி! மாரி!"

அதன்பிறகு என்னால் நிறுத்த முடியவில்லை. கூந்தல் அவிழ்ந்து, தெரு நடுவில் நின்று, இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, "மாரி! மாரி!" என்று அலறினேன்.

மேட்டில் கமலத்தின் வண்டி நின்றது.

அந்த வண்டிக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். முன்னால் போன அந்த மனிதன் "ஜாலான்! ஜாலான்!" என்று, போ போ என்கிற மாதிரி மலாயில் அவரை அதட்டினான். அவர் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு வண்டியை அப்படியே திருப்பிக்கொண்டு என்னை நோக்கி இறங்கி வந்தார். சகோதரிகளே, மேட்டிலிருந்து என் மகள் என்னிடம் திரும்பி வருவதை இந்தக் கண்ணால் பார்த்தேன்.

அவன் குதித்து ஓடி வந்து ரிக்ஷாவின் பக்கவாட்டைப் பிடித்தான். கமலம் நகை முடிப்பை வயிற்றோடு சேர்த்துக் குனிந்துகொண்டாள். அவன் கையை நீட்டினான். ஆனால் அதற்குள் என் பின்னாலிருந்து ஆட்கள் ஓடி வந்துவிட்டார்கள். கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த இரண்டு மலாய்க்காரர்கள். அவர்களுக்கும் முன்னால், சாலையோரத்தில் வாழைப்பழம் பொரித்து விற்கும் ஒரு மலாய்ப் பெண்மணி, கையில் எண்ணெய் சொட்டும் கரண்டியோடு. அந்தக் கரண்டியைப் பார்த்ததும் அவன் வண்டியை விட்டான். என் துணிப்பையைத் தோளில் மாட்டியபடியே சந்துக்குள் ஓடி மறைந்தான்.

கமலம் இறங்கி என்னைக் கட்டிக்கொண்டாள். அந்தப் பெண்மணி தன் முக்காட்டுத் துணியால் என் முழங்காலைக் கட்டினாள். அவள் பேசுவது எனக்குப் புரியவில்லை, நான் அழுவது அவளுக்குப் புரிந்தது. என் வண்டிக்காரர் திருப்பிக் கொண்டுவந்த பெட்டியோடு எங்களை அழைத்துக்கொண்டு ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு தேநீர்க் கடைக்குப் போனாள். கடைக்காரர் நாகூர்ப் பக்கத்து முஸ்லிம். தமிழைக் கேட்டதும் இந்தத் தடவை எனக்குப் பயம்தான் வந்தது. வாயைத் திறக்கவில்லை.

"பயப்படாதீங்கம்மா. எந்த ஊருன்னு நான் கேக்க மாட்டேன்" என்று அவர் சிரித்தார். "இந்த அம்மா ஒண்ணு கேக்கச் சொல்லுது. தெருவுல நின்னு என்ன சொல்லிக் கத்தினீங்க?"

"சாமியைக் கூப்பிட்டேன்."

"எந்தச் சாமி?"

"மாரியம்மா."

அவர் அந்தப் பெண்மணியிடம் மலாயில் என்னவோ சொன்னார். அவள் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டாள். அவர் தேநீரை ஆற்றுவதை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அம்மா, மலாய்ல மாரின்னா 'வாங்க'ன்னு அர்த்தம். யாரோ ஒரு பொம்பளை 'வாங்க, வாங்க'ன்னு கதறுதேன்னு இது சட்டியை அடுப்புல அப்படியே விட்டுட்டு ஓடி வந்திருக்கு. ரிக்ஷாக்காரனும் அப்படித்தான். சீனனா இருந்தாலும் அவனுக்கு அவ்வளவு மலாய் தெரியும். நீங்க வரச் சொன்னீங்க, வந்துட்டான். பழமெல்லாம் கரிஞ்சு போச்சாம், அதைத்தான் இப்ப சொல்லுது."

கமலம் அழுதுகொண்டே சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது.

சற்று நேரத்தில் சுந்தரம் ஸ்டேஷனில் எங்களைத் தேடிவிட்டு முழங்கால்வரை சேறோடு அங்கே ஓடி வந்தார். மழையில் தோட்டத்து லாரி ஸ்கூடாய்ச் சாலையில் புதைந்துவிட்டதாம். நடந்ததைக் கேட்டுக் கமலத்தின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"பையில என்ன வச்சிருந்தீங்க அத்தை?"

"உங்களுக்குத்தான். எலுமிச்சங்காய் ஊறுகாய். ஜாடி உடைஞ்சிடுமேன்னுதான் கடல் நெடுகப் பிடிச்சுக்கிட்டே வந்தேன்."

"சரி விடுங்க. எனக்குக் காய்ச்சல்னு சொன்னவன்தானே, அவனுக்கே பத்தியத்துக்கு ஆகட்டும்" என்றார். அன்று முதல் தடவையாக நான் சிரித்தேன்.

சுந்தரம் படித்த பிள்ளை. பிறகு ஒருநாள், "அது ஒரு சொல்லோட ஒற்றுமைதான் அத்தை. ரெண்டு பாஷையில ஒரே சத்தம்" என்றார். நான் மறுக்கவில்லை. ஆனால் ஒன்று கேட்டேன். "பொழுதுக்கும் முருகா முருகான்னு சொல்ற வாய்க்கு அன்னைக்கு அந்தச் சத்தத்தை யார் எடுத்துக் குடுத்தது, மாப்பிள்ளை?" அடுத்த வெள்ளிக்கிழமை என்னை இந்தக் கோயிலுக்கு அழைத்து வந்தவர் அவர்தான். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான். அவனுக்கும் தாய் அவள்தானே.

இப்போது நான் மாறியிருக்கிறேன். தமிழ் பேசுகிறவர் எல்லாம் நம்மவர் என்று நினைப்பதில்லை. அதற்காக யாரையும் வெறுப்பதும் இல்லை. அன்று என்னைக் கெடுக்க வந்தவன் பேசியது என் பாஷை, காப்பாற்ற வந்தவர்கள் பேசியது எனக்குத் தெரியாத பாஷை. நீங்கள் ஊரிலிருந்து யாரையாவது வரவழைத்தால் முன்கூட்டியே எழுதிவிடுங்கள். பேரும் ஊரும் கேட்பவரிடம், முதலில் உங்கள் பெயரைச் சொல்லுங்கள் என்று திருப்பிக் கேட்கச் சொல்லுங்கள். அழைக்க வருபவருக்கு நேரமானாலும் ஸ்டேஷனை விட்டு நகர வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று இருக்கிறது. சத்தம் போடாதே என்று யார் சொன்னாலும், அந்த ஆளின் முன்னால்தான் சத்தம் போட வேண்டும். மனத்துக்குள் கும்பிட்டால் அம்பாளுக்குக் கேட்கும், உண்மைதான். ஆனால் அவள் அனுப்புகிற மனிதர்களுக்கும் கேட்க வேண்டாமா? வெட்கப்படாதீர்கள். வாய்விட்டுக் கூப்பிடுங்கள்.

மாதம் ஒருமுறை சுந்தரத்தோடு ஜொகூர் பாரு போகும்போது அந்தப் பெண்மணியின் அடுப்பண்டை நின்று பழம் வாங்குகிறேன். தூரத்தில் என்னைக் கண்டதுமே அவள் கரண்டியை ஆட்டி, "மாரி! மாரி!" என்று கூப்பிடுவாள். அவள் கூப்பிடுவது என்னைத்தான். நான் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு போகிறேன்.