ஓ, எம், ஏ குடும்பம்

"இங்கிலீஷ்ல ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, அர்த்தம் தெரியலைன்னு இந்தக் குழந்தைவேலு வாயிலேருந்து வந்துட்டா, அன்னைக்கு இந்தக் கடையில இருக்கிற அத்தனை பேருக்கும் டீ என் செலவு. எழுதி வச்சுக்க!"

அந்தமானின் லாங் ஐலண்ட் படகுத்துறையில், ஒச்சப்பனின் டீக்கடை பெஞ்சிலிருந்து இந்தப் பிரகடனம் வெளியாகி ஒன்பது வருஷமாகிறது. ஒச்சப்பன் நிஜமாகவே எழுதி வைத்தான், கடைச் சுவரில், கரித்துண்டால். ஒவ்வொரு மழைக்கும் அது அழியும். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் அவன் திரும்ப எழுதுவான். வியாபாரி அல்லவா, நம்பிக்கையை விடமாட்டான்.

குழந்தைவேலுவைப் பெரிய படிப்பாளி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. முதுகுளத்தூரில் பத்தாவதில் அவரைக் கவிழ்த்ததே இங்கிலீஷ்தான். அதுவும் இரண்டு தடவை. அந்த அவமானத்தோடு கப்பலேறியவருக்குப் படகுத்துறை டிக்கெட் கவுண்டரில் வேலை கிடைத்தது. ஒரு படகு போய் அடுத்த படகு வரும்வரை கடலைப் பார்ப்பதைத் தவிர அங்கே சோலி கிடையாது. கூட இருந்தவர்கள் சீட்டாடினார்கள். இவர் டிக்‌ஷனரி படித்தார்.

ஏ முதல் இசட் வரை வரிசையாகப் படிப்பது சாமானியர் வழி. குழந்தைவேலு வார்த்தைகளைத் தலையும் வாலும் பார்த்துக் குடும்பம் குடும்பமாகப் பிரித்தார், கல்யாணத் தரகர் கோத்திரம் பார்க்கிற மாதிரி. ஓ, யூ, ஜி, ஹெச் என்று முடிகிறவர்களுக்கு ஒரு நோட்டு. ரஃப் என்றால் சொரசொரப்பு, காஃப் என்றால் இருமல், தோ என்றால் இருந்தாலும். ஒரே வயிற்றில் பிறந்தும் ஒருத்தன் குரல் இன்னொருத்தனுக்கு இல்லை. ஆகவே 'பங்காளிகள்' என்று தலைப்பு. பி, எஸ் என்று தொடங்குகிறவர்களுக்கு இன்னொன்று. அங்கே அந்த பி வாயே திறக்காது, விழாவில் முன்வரிசையில் உட்கார வைத்த பெரிய மனுஷன் மாதிரி.

சிவப்பு அட்டை நோட்டுதான் அவருடைய செல்லம். ஓ, எம், ஏ என்று முடிகிற குடும்பம். அரோமா, நறுமணம். டிப்ளோமா, பட்டயம். கோமா, நினைவில்லாமல் கிடப்பது. "எல்லாம் பொம்பளப் பிள்ளைங்க பேரு மாதிரி எவ்வளவு லட்சணமா இருக்கு பாரு" என்பார் மனைவி ஜெயமணியிடம். ஜெயமணி மீன் கழுவிக்கொண்டே ஆமாம் என்பாள்.

தீவுக்கு வருகிற காகிதமெல்லாம் இங்கிலீஷில்தான் வரும். உத்தரவோ நோட்டீசோ ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டோ, படகிலிருந்து இறங்கியதும் நேரே டீக்கடைக்குத்தான். வங்காளி, தெலுங்கர், மலையாளி எல்லோருக்கும் அவர் மாஸ்டர்ஜி. எழுந்து நின்று, கண்ணாடியைத் துடைத்து, ஊர் கேட்க வாசிப்பார். கஷ்டமான வார்த்தை வந்தால் நிறுத்தி, சுற்றிலும் ஒரு பார்வை பார்த்து, அர்த்தம் சொல்வார். பெஞ்சில் இருப்பவர்கள் கை தட்டுவார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் காத்தமுத்து ஒரு கவரோடு வந்தார். கச்சால் தீவுத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியே ஓய்ந்து, மகள் வீட்டோடு இங்கே வந்துவிட்டவர். குழந்தைவேலு வாசித்தார். பாதியில் அவர் முகம் மலர்ந்தது.

"அட, கார்சினோமா! நம்ம டிப்ளோமாவுக்குக் கூடப் பொறந்தவ! அர்த்தம் கேட்டுக்குங்க. புற்று. கேன்சர்."

கைதட்டல் வரவில்லை.

"அப்ப அது நம்ம அழகம்மாவுக்குங்களா, அய்யா?" என்று கேட்டார் காத்தமுத்து.

ரிப்போர்ட்டின் தலைமாட்டில் ஒரு பெயரும் இருக்கும் என்பது அப்போதுதான் மாஸ்டர்ஜிக்கு ஞாபகம் வந்தது. அழகம்மா காத்தமுத்துவின் சம்சாரம்.

"அர்த்தம் சொன்னீங்க, சரி. அந்த மனுசன் மூஞ்சியப் பாத்தீகளா?" என்றாள் ஜெயமணி அன்று. இரண்டு நாள் பேசவில்லை. குழந்தைவேலு அந்த வார்த்தையைச் சிவப்பு நோட்டில் சேர்த்துக்கொண்டார். அதிலிருந்து எட்டாம் மாசம் அழகம்மா மெயின்லேண்டில் செத்துப்போனாள். கவர் வாசித்த அன்றிலிருந்தே காத்தமுத்து டீக்கடை ஏறுவதில்லை. படகு வரும் நேரத்தில் எதிரே, கயிறு கட்டும் கல்லில் உட்கார்ந்திருப்பார்.

இந்த வருஷம் ஜெயமணிக்கு இடது மார்பில் ஒரு கட்டி. போர்ட் பிளேருக்குப் போய், டெய்ரி ஃபார்ம் பகுதியில் அவளுடைய அக்கா மகள் ஷோபனா வீட்டில் தங்கி, சதைத் துணுக்கு எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினார்கள். ரிப்போர்ட் வரப் பத்து நாளாகும்.

"லிப்போமாதான். வெறும் கொழுப்புக் கட்டி. ஓமாக் குடும்பத்துலயே சாது" என்றார் குழந்தைவேலு படகில்.

"டாக்டர் சொன்னாரா?"

"டாக்டர் எதுக்கு? நான் சொல்றேன்."

பதினோராம் நாள் சாயங்காலம் இருவரும் படகுத்துறைக்கு வந்தார்கள். படகில் வேலை பார்க்கும் சந்திரமோகன், "மாஸ்டர்ஜி, சிட்டி ஆயா ஹை!" என்று கடிதம் வந்த சேதியைக் கூவிக்கொண்டே ஷோபனா கொடுத்தனுப்பிய கவரை நீட்டினான்.

"ஜோர் சே படோ!" என்றது பெஞ்சு, பழக்க தோஷத்தில். "சத்தமாப் படிங்கண்ணே!"

குழந்தைவேலு எழுந்து நிற்கவில்லை. கண்ணாடியைத் துடைத்தார். போட்டார். கழற்றி மறுபடி துடைத்தார். இந்த முறை பெயரைத்தான் முதலில் படித்தார். ஜெயமணி என்று சரியாகவே அடித்திருந்தார்கள். அதில் ஒரு பிழை இருந்திருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. அப்புறம் கீழே வந்தார். பார்த்தார். தாளை மடித்தார்.

ஜெயமணி அதை வாங்கிப் பிரித்தாள். அஞ்சாங்கிளாஸ்தான், ஆனால் எழுத்து தெரியும். விரலை ஓட்டி ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"ஓ, எம், ஏ. உங்க செவப்பு நோட்டுதானே?"

"ம்."

"லிப்போமாவா?"

பெஞ்சு காத்திருந்தது.

"இந்த வார்த்தை எனக்குத் தெரியலை, ஜெயமணி."

"வந்துச்சுய்யா! ஒம்போது வருஷம்!" என்று ஒச்சப்பன் தொடையில் தட்டினான். யாரும் கூடச் சிரிக்கவில்லை. அவன் சுவரைப் பார்த்தான், ஜெயமணியின் கையிலிருந்த தாளைப் பார்த்தான், அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தான். எதிரே கல்லிலிருந்து காத்தமுத்து எழுந்து வந்து, இரண்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கடைக்குள் ஏறி, குழந்தைவேலுவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

ஜெயமணி அவரையும் பார்த்தாள், புருஷனையும் பார்த்தாள். தாளை நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"காலைல படகு எத்தனை மணிக்கு?"

"ஆறேகால்."

"ரெண்டு டிக்கெட் சொல்லிவைங்க. எனக்குத் துணி எடுத்து வைக்கணும்."

அவள் மேட்டில் ஏறி மறையும்வரை குழந்தைவேலு பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒச்சப்பா" என்றார். "எல்லாருக்கும் டீ போடு."